பழைய ஈஎஃப்ஐ கார் ஸ்டார்ட் வருகுதில்லையா? அடிக்கடி கேக்கிற கேள்விகள்

முதல்ல நான் ஆர் எண்டு சொல்லிடுறன். மெக்கானிக் இல்லை, கந்தோர் வேலை. வெள்ளவத்தையில காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில ஒரு ஒழுங்கையில இருக்கிறன், 98ஆம் ஆண்டு கொரோலா 110 ஒண்டு 14 வருசமா என்னோட கிடக்கு. அது என்னை றோட்டில விட்ட தடவையள எண்ணிப் படிச்சதுதான் எனக்குத் தெரிஞ்ச மெக்கானிசம். இப்ப சொந்தக்காரர் எல்லாரும் காலமை ஏழு மணிக்கு போன் அடிச்சு "தம்பி, கார் ஸ்டார்ட் வருகுதில்லை" எண்டுதான் வணக்கமே சொல்லுறது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தவை, திறந்தும் விலையப் பாத்தா எங்களுக்கு எட்டாது, அதால 20, 25 வயசு ஈஎஃப்ஐ காரைத்தான் (காபரேட்டர் இல்லாம, கம்ப்யூட்டர் சொல்லி இன்ஜெக்டர் பெற்றோல் அடிக்கிற கார்) இன்னும் இழுத்துக்கொண்டு திரியிறம். ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் களைச்சுப்போய்த்தான் இதை எழுதுறன்.

ஸ்டார்ட் வருகுதில்லை எண்டா முதல் எதைப் பாக்கிறது?

பாக்கிறதுக்கு முதல் கேளுங்கோ. ஏசி, ரேடியோ, ஃபேன் எல்லாத்தையும் ஓஃப் பண்ணிப்போட்டு கண்ணாடியை இறக்கி விட்டுட்டு திறப்பைத் திருப்பி என்ன சத்தம் வருகுது எண்டு கேளுங்கோ. ஒரு சத்தமும் இல்லையா, "டிக்" எண்டு ஒருக்கா மட்டுமா, "டிக்டிக்டிக்டிக்" எண்டு ஓயாமலா, இல்லாட்டி செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுத்தி எழுப்புற ஸ்டார்ட்டர் மோட்டர், நல்லா அடிக்குது ஆனா இன்ஜின் பிடிக்குதில்லையா. இந்த நாலும் நாலு வேற வருத்தம். "ஸ்டார்ட் வருகுதில்லை" எண்டு மட்டும் கராஜுக்கு போன் பண்ணினா அவர் முதல்ல பற்றரி எண்டுவார், பிறகு பெற்றோல் பம்ப் எண்டுவார், பிறகு ப்ளக் எண்டுவார், ஒவ்வொண்டுக்கும் காசு உங்கட. செல்ஃப் அடிக்குதா இல்லையா எண்டதை மட்டும் தெளிவாச் சொன்னாலே பாதி வேலை முடிஞ்சுது.

டிக்டிக்டிக் எண்டு வேகமா அடிக்குது, டாஷ்போர்ட் லைட் எல்லாம் மங்குது. பற்றரி மாத்தோணுமா?

பொறுங்கோ, உடனே பற்றரிக் கடைக்கு ஓடாதேங்கோ. கரண்ட் காணாம போகுது எண்டுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம், பற்றரி செத்துப்போச்சு எண்டு இல்லை. முதல்ல டெர்மினல். கையால பிடிச்சுத் திருகிப் பாருங்கோ, கொஞ்சம் அசைஞ்சாலும் அதுதான் விசயம். எங்கட பக்கம், அதாவது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம், உப்புக் காத்தில டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூக்கும். மேல பூக்கிறது கண்ணுக்குத் தெரியும், உள்ளுக்கு ஈயக் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில கறுப்பாப் படியிறது தெரியாது, அதுதான் கரண்டைத் தடுக்கிறது. கழட்டி, முதல்ல நெகட்டிவ், பிறகு பொசிட்டிவ், சுடுதண்ணி ஊத்திக் கழுவி, காயவிட்டு, மண்தாளால உரஞ்சி, முதல்ல பொசிட்டிவ் பிறகு நெகட்டிவ் எண்டு திருப்பி இறுக்குங்கோ. மேல கொஞ்சம் வசிலின் பூசினாப் போதும்.

அதுக்குப் பிறகு மீட்டர் வையுங்கோ. மல்டிமீட்டர் ஒண்டு வாங்கி வையுங்கோ, மலிவானதே காணும், இந்த முழு எழுத்திலயும் வாங்குங்கோ எண்டு நான் சொல்லப்போற ஒரே சாமான் அதுதான். இரவு நிண்ட காரில 12.6 வோல்ட் காட்டினா பற்றரி நிறைஞ்சிருக்கு, 12.2க்கு வந்தா பாதிதான். பிறகு ஒராளை செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டுப் பாருங்கோ, அடிக்கேக்க 9.6க்குக் கீழ விழுந்தா பற்றரி பலவீனம். இன்ஜின் ஓடேக்க 13.8க்கும் 14.5க்கும் நடுவில நிக்கோணும், நிக்காட்டி ஆல்டனேட்டர் சார்ஜ் பண்ணுதில்லை, அப்பிடியிருக்க புதுப் பற்றரி போட்டாலும் ரெண்டு நாளில அதுவும் படுக்கும்.

இன்னொண்டு. வீட்டில இருந்து பிள்ளையளின்ர பள்ளிக்கூடம், அங்கயிருந்து சந்தை, திரும்ப வீடு, எல்லாம் காலி வீதி ட்ராஃபிக்ல ஏசி போட்டபடி. இன்ஜின் ஐடில்ல நிக்கேக்க ஆல்டனேட்டர் சும்மா பேருக்குத்தான் சார்ஜ் பண்ணும். கிழமைக்கு ஒருக்காவாவது அரை மணித்தியாலம் நீட்டா ஓட்டினா பற்றரி கூடக் காலம் இருக்கும்.

ஒரு "டிக்" மட்டும் கேக்குது, லைட் மங்குதில்லை. நாலஞ்சு தரம் திருப்பினா ஒருக்கா அடிக்குது.

இதை வாசிக்கேக்கயே எனக்கு சிரிப்பு வருகுது, ஏனெண்டா என்ர கார் இதே கூத்தை ஆறு மாசம் ஆடினது. மாமா ஒருத்தர் செல்ஃப் மோட்டருக்கு சுத்தியலால மெல்லத் தட்டச் சொன்னார், தட்டினா அடிக்கும், அதால டிக்கியில சுத்தியல் ஒண்டு நிரந்தரமாவே குடியிருந்தது. விசயம் என்னெண்டா டொயோட்டாவில வாற டென்சோ செல்ஃப் மோட்டரின்ர சொலனொய்டுக்குள்ள ரெண்டு செப்புத் துண்டு இருக்கு, ப்ளஞ்சர் வந்து அந்த ரெண்டையும் முட்டினாத்தான் மோட்டருக்குக் கரண்ட் போகும். வருசக் கணக்கா பொறி பறந்து பறந்து ஒரு துண்டு மற்றதை விடக் கூடத் தேஞ்சுடும், அப்ப ப்ளஞ்சர் வந்து "டிக்" எண்டு அடிக்கும், ஆனா வடிவா முட்டாது. நான் கழட்டிப் பாக்கேக்க ஒரு துண்டு பாதிச் சந்திரன் மாதிரித் தேஞ்சு கிடந்தது. அந்தச் செப்பையும் ப்ளஞ்சரையும் மட்டும் மாத்தலாம், முழு மோட்டரையும் மாத்தத் தேவையில்லை. கொழும்பில கார் சாமான் கடையள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தையில பழைய செல்ஃப் மோட்டரைக் காட்டிக் கேட்டா அந்தத் துண்டுகள் கிடைக்கும், செல்ஃப் மோட்டர் வேலை செய்யிற பாஸ் ஒருத்தர் ஒரு மணித்தியாலத்தில போட்டுத் தருவார்.

ஆனா அதுக்கு முதல் எர்த் வயரை, அதாவது பற்றரி நெகட்டிவ்ல இருந்து இன்ஜினுக்குப் போற வயரை, பாருங்கோ. மீட்டரின்ர ஒரு முனை பற்றரி நெகட்டிவ் கம்பத்தில, மற்ற முனை இன்ஜின்ல கிறீஸ் இல்லாத ஒரு இரும்பில வைச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கோ. 0.3 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லம். 0.5ஐத் தாண்டினா அந்த எர்த் வயர் போற இடமெல்லாம் கழட்டி உரஞ்சி இறுக்கோணும்.

ஒரு சத்தமும் இல்லை. ஆனா ஹோர்ன் அடிக்குது, லைட் எரியுது.

ஓட்டோ கியர் எண்டா நியூட்ரலுக்கு, அதாவது Nக்கு, தட்டிப்போட்டு ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ. பார்க்கிங்ல வராதது நியூட்ரல்ல வந்தா கியர் பக்கத்தில இருக்கிற நியூட்ரல் சுவிட்ச்தான் கள்ளன். மனுவல் கார் சிலதில கிளச் பெடல்லயும் இப்பிடி ஒரு சுவிட்ச் இருக்கும். அதுவும் இல்லாட்டி பியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, திறப்புச் சுவிட்ச், இந்த ஒழுங்கில. வெளியால பொருத்தின அலாம் இருந்தா, முக்கியமா ரீகண்டிஷனா வந்த காருக்கு இங்க ஆரோ பூட்டின அலாம் எண்டா, அதின்ர வயரிங்கையும் சந்தேகப்படுங்கோ. செல்ஃப் வயரை வெட்டி நடுவில ஒரு மலிவு ரிலே வைச்சு டேப் சுத்தியிருப்பினம், பத்து வருசத்தில அந்த ரிலே கரிஞ்சுடும்.

செல்ஃப் நல்லா அடிக்குது, இன்ஜின் பிடிக்குதே இல்லை. பெற்றோல் இருக்கு.

இதுதான் எல்லாரையும் அழவைக்கிற கேள்வி, அதால கொஞ்சம் நீட்டாச் சொல்லுறன்.

திறப்பை ஓன்ல வைச்சு, செல்ஃப் அடிக்காம, டாஷ்போர்ட்டைப் பாருங்கோ. இன்ஜின் படம் போட்ட செக் லைட் எரியுதா? எரியோணும். எரியாட்டி ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டருக்கு, கரண்டே போகேல்லை எண்டுதான் முதல்ல நினைக்கோணும், பொனெட்டுக்குள்ள பியூஸ் பெட்டியில ஈஎஃப்ஐ எண்டு எழுதின பியூசையும் ஈஎஃப்ஐ ரிலேயையும் பாருங்கோ. பக்கத்திலயே அதே மாதிரி இன்னொரு ரிலே இருக்கும், பின் ஒழுங்கும் மூடியில இருக்கிற நம்பரும் ஒண்டாயிருந்தா மாத்திக் குத்திப் பாக்கலாம், சதக் காசு செலவில்லை.

லைட் எரியுது, அப்ப அடுத்தது பொறியா பெற்றோலா எண்டு பிரிக்கோணும். ரெண்டையும் ஒரேயடியாத் தேடினா விசராக்கும்.

பொறி பாக்கிறதுக்கு, முதல்ல இன்ஜெக்டர் கனெக்டருகளைக் கழட்டி விட்டுடுங்கோ, இல்லாட்டி உள்ளுக்கு பெற்றோல் அடிச்சுக்கொண்டே இருக்கும். பிறகு வேற ஒரு ப்ளக்கை வயர்ல குத்தி அதின்ர இரும்பு உடம்பு இன்ஜின்ல வடிவா முட்டுற மாதிரி வைச்சு, கை வைக்காம, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கோ. நீலமா "டப் டப்" எண்டு பாயோணும். மஞ்சளா, சோம்பலா வந்தா அது பொறி இல்லை. வயரைச் சும்மா காத்தில பிடிச்சுக்கொண்டு அடிக்காதேங்கோ, பாய வழியில்லாத வோல்டேஜ் திரும்பிப் போய் இக்னைட்டரை, அதாவது கொயிலுக்குக் கரண்டை விட்டு வெட்டுற பெட்டியை, அடிச்சுப்போடும், அதுக்கு எவ்வளவு எண்டு கேட்டா நெஞ்சு நிக்கும்.

பொறி இருக்கு எண்டா பெற்றோல். நாலஞ்சு தரம் செல்ஃப் அடிச்சாப் பிறகு ஒரு ப்ளக்கைக் கழட்டிப் பாருங்கோ. காஞ்சு கிடந்தா பெற்றோல் வருகுதில்லை. ஈரமா பெற்றோல் மணத்தோட இருந்தா பெற்றோல் கூடி முழுகிப்போச்சு, இல்லாட்டி பெற்றோல் வந்தும் பத்துதில்லை.

பொறியும் இல்லை பெற்றோலும் இல்லை எண்டா சந்தோசப்படுங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். ரெண்டும் ஒரே நேரத்தில தனித்தனியாப் பழுதாகாது, ரெண்டுக்கும் பொதுவான ஒண்டுதான் போயிருக்கும். பெரும்பாலும் இன்ஜின் சுத்துறதை ஈசியூவுக்குச் சொல்லுற கிராங்க் சென்சர், இல்லாட்டி டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள (ப்ளக்குகளுக்குப் பொறியைப் பிரிச்சுக் குடுக்கிற சாமான்) அதே வேலை செய்யிற பிக்கப், இல்லாட்டி ஈசியூவின்ர கரண்ட், எர்த். நிசான் சனி எஃப்பி14இல ஜிஏ15 இன்ஜின், அதில சென்சர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயே இருக்கு, சீல் போய் எண்ணெய் உள்ளுக்குக் கசிஞ்சா கதை முடிஞ்சுது. மூடியைக் கழட்டேக்க எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா வேற இடத்தில தேடாதேங்கோ.

திறப்பை ஓன் பண்ணினா பம்ப் சத்தம் கேக்கோணுமாமே, எனக்குக் கேக்குதில்லை. பம்ப் போட்டுதா?

எந்தக் கார் எண்டதைப் பொறுத்தது, இதில நான் காசு கட்டிப் படிச்சனான். ஹொண்டா, நிசானில திறப்பை ஓன்ல வைச்சதும் பின் சீட்டுக்கு அடியில ரெண்டு செக்கனுக்கு "ம்ம்ம்" எண்டு கேக்கும். ஆனா பல பழைய டொயோட்டாவில ஓன்ல வைச்சா ஒண்டும் கேக்காது, செல்ஃப் அடிக்கேக்கதான் பம்ப் ஓடும், அது அப்பிடித்தான் செய்திருக்கு. 2016இல என்ர கார் மருதானையில நிண்டுபோச்சு, பக்கத்துக் கராஜில கொண்டுபோய் விட்டம். பாஸ் திறப்பை ஓன்ல வைச்சு, பின் சீட்டில காது வைச்சு, எழும்பி "பம்ப் எக்க இவரய்" எண்டார், பம்ப் முடிஞ்சுதாம். ரீகண்டிஷன் பம்ப் போட்டார், ஓடினது, காசும் குடுத்தன். மூண்டாம் நாள் பொரளையில திரும்ப நிண்டுது.

பிறகு கண்டது என்னெண்டா, அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் ஆரோ த்ரொட்டில் பொடி (இன்ஜினுக்குக் காத்து போற வாய்) கழுவேக்க இன்டேக் மனிஃபோல்ட்ல பூட்டியிருந்த ஈசியூ எர்த் வயரின்ர 10 நம்பர் போல்ட்டை வடிவா இறுக்காம விட்டிருக்கினம். குலுங்கினா எர்த் விடும், இன்ஜின் நிக்கும், தள்ளி ஒதுக்கேக்க குலுங்கித் திரும்பப் பிடிக்கும். பழைய பம்ப் இப்பவும் வீட்டில ஷோ கேஸுக்குள்ள இருக்கு, நல்ல பம்ப்.

110இல பம்ப் ஓடுதா எண்டு பாக்க வழி இருக்கு. பொனெட்டுக்குள்ள டயக்னோசிஸ் எண்டு மூடியில எழுதின சின்னக் கறுப்புப் பெட்டி, திறந்தா மூடியின்ர உள்பக்கத்திலயே ஒவ்வொரு ஓட்டைக்கும் பெயர் போட்டிருக்கும். திறப்பை ஓன்ல வைச்சு பி பிளஸ், எஃப்பி எண்ட ரெண்டையும் ஒரு துண்டு வயரால இணைச்சா பம்ப் தானா ஓடும். ஓட்டையை மாறிக் குத்தாதேங்கோ, ரெண்டு தரம் வாசியுங்கோ. ஓடேக்க ஃபில்டருக்குப் போற ரப்பர் ஹோஸைக் கையால பிடிச்சா விறைப்பாத் தெரியும். ப்ரெஷர் மீட்டர் உள்ளவர் எண்டா 110 வகைக் கொரோலாவில வாற 5ஏ, 4ஏ இன்ஜினுக்கு ரெகுலேட்டர் வக்கூம் ஹோஸைக் கழட்டினபடி 38இல இருந்து 44 பிஎஸ்ஐ வரோணும். அதுக்குப் பிறகு வந்த கொரோலா 121க்கு, அதாவது 1என்செட் இன்ஜினுக்கு, 44இல இருந்து 50.

பெற்றோல் லைனைக் கழட்டப் போறீங்கள் எண்டா முதல் ப்ரெஷரை விடோணும். இன்ஜின் ஓடக்கூடிய நிலையில இருந்தா பம்ப் கனெக்டரைக் கழட்டிட்டு தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்கோ. சூடான எக்ஸோஸ்ட்டுக்கு மேல பெற்றோல் சீறினா நடக்கிறதைச் சொல்லத் தேவையில்லை. சிகரெட்டோட நிக்கிற பாஸை எட்ட அனுப்புங்கோ, வெக்கப்படாதேங்கோ.

காலமையில மட்டும் கனநேரம் அடிக்கோணும். ஒருக்கா ஸ்டார்ட் வந்தா பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை.

இரவில பெற்றோல் லைன்ல ப்ரெஷர் இறங்கிப்போகுது. பம்ப்புக்குள்ள இருக்கிற செக் வால்வ் இறுக்கமா மூடாட்டி பெற்றோல் திரும்ப டாங்க்குக்கு வடியும். ஹொண்டா, நிசான் எண்டா திறப்பை ஓன்ல ரெண்டு செக்கன் வைச்சு ஓஃப், திரும்ப ஓன், மூண்டு தரம் செய்துபோட்டு அடிச்சுப் பாருங்கோ, டக்கெண்டு பிடிச்சா இதுதான் வருத்தம் எண்டு உறுதி. செக் வால்வுக்காக பம்ப் மாத்துறது உங்கட விருப்பம், நான் எண்டா மூண்டு தரம் திருப்பிக்கொண்டே ரெண்டு வருசம் ஓடுவன்.

மற்றது கூலன்ட் சென்சர். இன்ஜின் குளிரா சூடா எண்டு ஈசியூவுக்குச் சொல்லுறது இது, குளிரா இருந்தா கூடப் பெற்றோல் விடோணும். இது பொய் சொன்னா, ஈசியூ சூடு எண்டு நினைச்சு பெற்றோலைக் குறைக்கும், இல்லாட்டி பனிக்குள்ள நிக்கிறம் எண்டு நினைச்சு ஊத்தித் தள்ளி ப்ளக்கை முழுக்காட்டும். கனெக்டரைக் கழட்டி ஓம்ஸ் பாருங்கோ, டொயோட்டாவில 20 பாகையில 2இல இருந்து 3 கிலோ ஓம், 80 பாகையில 200இல இருந்து 400 ஓம். 20 பாகைக்கு நுவரெலியாவுக்குத்தான் போகோணும், கொழும்பில விடியக்காலமை அதை விடக் கொஞ்சம் குறைவாக் காட்டும், அது சரி. டெம்பரேச்சர் முள்ளுக்குப் போற ஒற்றை வயர் சென்சர் வேற, ஈசியூவுக்குப் போற ரெட்டை வயர் சென்சர் வேற, கடையில மாறி வாங்காதேங்கோ.

அக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் வருகுது.

ஐடில் வால்வில கரி பிடிச்சிருக்கு. த்ரொட்டில் பொடியோட சேத்துக் கழுவுங்கோ, அவ்வளவுதான். கழுவினாப் பிறகு எர்த் போல்ட்டை இறுக்குங்கோ!

சந்தைக்குப் போய் பத்து நிமிசத்தில திரும்பி வந்தா ஸ்டார்ட் இல்லை, அரை மணித்தியாலம் நிண்டா வருகுது.

சூட்டில மட்டும் வாற வருத்தம். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால மத்தியான வெயில்ல நிப்பாட்டின கார் உள்ளுக்கு எப்பிடிக் கொதிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. 90களின்ர ஹொண்டா சிவிக் எண்டா நான் காரைப் பாக்காமலே மெயின் ரிலே எண்டுவன். டாஷ்போர்டுக்குக் கீழ இருக்கிற பெட்டி, உள்ளுக்கு ஈயப் பத்துகள் நுணுக்கமா வெடிச்சு, சூட்டில விரிஞ்சு தொடர்பு விடும், குளிர்ந்தா சேரும். திறந்து லென்ஸ் வைச்சுப் பாத்தா ஒவ்வொரு பின்னையும் சுத்தி முடி மாதிரி ஒரு வளையம் தெரியும். புது ஈயம் வைச்சுப் பத்தினா திரும்ப ஓடும், ரேடியோ ரிப்பேர் செய்யிற ஆரும் செய்யலாம்.

நிசானில கியூஜி இன்ஜின், சனி எஃப்பி15, என்16 எண்டா கிராங்க் சென்சரைத்தான் முதல் சந்தேகப்படோணும். மற்றக் காருகளில இக்னிஷன் கொயில், இக்னைட்டர். சூடா இருக்கேக்கயே பொறி பாக்கோணும், குளிர்ந்தாப் பிறகு பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், கராஜுக்குக் கொண்டுபோன உடனே வருத்தம் மாறுற காருகள் இந்த வகைதான். சந்தேகமான சென்சருக்கு மேல மெல்லமாக் குளிர்தண்ணி ஊத்தி, அது மட்டும் குளிர்ந்து ஸ்டார்ட் வந்தா, ஆளைப் பிடிச்சாச்சு. கொயிலுக்கு மேலயும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலயும் தண்ணி ஊத்தக்கூடாது.

இன்ஜெக்டர் சொட்டினாலும் சூட்டில முழுகும். அப்ப அக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதிச்சுக்கொண்டு செல்ஃப் அடியுங்கோ, பல காருகளில ஈசியூ இதைப் பாத்து பெற்றோலை வெட்டும், உள்ளுக்கு இருக்கிறது காயும்.

மழை பெய்தா ஸ்டார்ட் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ப்ளக் வயரும். இரவில பொனெட்டைத் திறந்து லைட் எல்லாம் ஓஃப் பண்ணிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கோ, வயருக்கு மேலால நீலமாப் பொறி ஓடுறது தெரியும், பாக்க வடிவாத்தான் இருக்கும். மூடியைக் கழட்டித் துடைச்சு வெயில்ல வையுங்கோ, உள்ளுக்கு கரிக்கோடு விழுந்திருந்தா மூடி மாத்தோணும். 121 மாதிரி ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனிக் கொயில் உள்ள காருக்கு இந்தக் கேள்வி பெரிசாப் பொருந்தாது. வெள்ளத்துக்குள்ள போய் நிண்ட கார் எண்டா செல்ஃப் அடிக்கவே அடிக்காதேங்கோ, சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா கனெக்டிங் ரொட் வளையும்.

ரெண்டு வருசமா நிக்கிற கார், எப்பிடி எழுப்புறது?

2022இல பெற்றோல் இல்லாம நிப்பாட்டின காருகள் கொழும்பில இன்னும் சிலது உறைக்குள்ள நிக்குது. பெற்றோல் ஷெட் கியூ, பிறகு யூலையில வந்த கியூஆர் பங்கீடு, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். பழைய பெற்றோல்ல லேசா ஆவியாகிற பகுதி போய்டும், மிச்சம் வார்னிஷ் மணக்கும், அதில ஸ்டார்ட் வாறது கஷ்டம். டாங்க்கை வடிச்சு, ஃபில்டர் மாத்தி, புது 92 ஒக்டேன் பெற்றோல் அஞ்சு லீற்றர் விட்டுட்டு பாருங்கோ. அந்தக் காலத்தில கான்ல சேத்து வைச்சதையும் ஊத்தாதேங்கோ. பொனெட்டைத் திறந்ததும் எலி கூடு கட்டியிருக்கா, வயர் கடிச்சிருக்கா எண்டு பாருங்கோ, எங்கட ஒழுங்கை எலிக்கு இன்ஜெக்டர் வயர் எண்டா உயிர்.

செல்ஃப் வழமையை விட லேசா, வேகமா சுத்துது. பிடிக்குதே இல்லை.

நிப்பாட்டுங்கோ. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், கம்ப்ரெஷன் இல்லாததால அப்பிடி லேசா சுத்தும். எண்ணெய் ஊத்துற மூடியைத் திறந்து, ஒராளை அடிக்கச் சொல்லி கேம், அதாவது வால்வைத் திறக்கிற தண்டு, சுத்துதா எண்டு பாருங்கோ, ஒருக்கா மட்டும். 5ஏ இன்ஜினில பெல்ட் அறுந்தாலும் வால்வ் பிஸ்டன்ல அடிபடாது, தப்பிச்சீங்கள். ஹொண்டாவில அடிபடும். ஜிஏ, கியூஜி, 1என்செட் எல்லாம் செயின்.

ஸ்கேனர் இல்லாம கோட் வாசிக்கலாமா?

110 வயசுக் காருகளில ஏலும். (கார் மொடலைச் சொல்லுறன், வயசை இல்லை.) அதே டயக்னோசிஸ் பெட்டியில டிஇ1, இ1 ரெண்டையும் இணைச்சு திறப்பை ஓன்ல வையுங்கோ, செக் லைட் மின்னும். விடாம ஒரே மாதிரி மின்னினா கோட் இல்லை. ஒண்டு மின்னி, நிப்பாட்டி, நாலு மின்னினா 14, அது இக்னிஷன் சிக்னல். 12 எண்டா ஆர்பிஎம் சிக்னல், 22 கூலன்ட் சென்சர், 31 வக்கூம் சென்சர், 41 த்ரொட்டில் சென்சர். கோட் வந்த உடனே அந்தச் சென்சரை வாங்காதேங்கோ, சென்சரும் அதுக்குப் போற வயரும் சேந்துதான் அந்த நம்பர், பாதி நேரம் கனெக்டர் பச்சை பிடிச்சிருக்கும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா? ஜம்பர் குத்தலாமா?

ஓட்டோ கியரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணேலாது. மனுவல் எண்டாலும் பற்றரி முழுசாச் செத்திருந்தா சும்மா வேர்க்கிறதுதான் மிச்சம், ஈஎஃப்ஐ காருக்கு பம்ப்புக்கும் ஈசியூவுக்கும் கரண்ட் வேணும், பழைய காபரேட்டர் கார் மாதிரி இல்லை. ஜம்பர் எண்டா செத்த பற்றரி பொசிட்டிவ், நல்ல பற்றரி பொசிட்டிவ், நல்ல பற்றரி நெகட்டிவ், கடைசி முனை செத்த காரின்ர இன்ஜின் இரும்பில, பற்றரியில இல்லை.

இன்ஜின் ஓடேக்க பற்றரி டெர்மினலைக் கழட்டி "ஆல்டனேட்டர் நல்லம்" எண்டு காட்டுற பழைய பாஸ்மார் இன்னும் இருக்கினம். கையைப் பிடிச்சு நிப்பாட்டுங்கோ. பற்றரி இல்லாம போனா வோல்டேஜ் துள்ளும், ஈசியூவை அடிச்சாலும் அடிக்கும்.

ஈசியூ போட்டுது எண்டு சொல்லினம், நம்பலாமா?

கடைசியா நம்புங்கோ. கரண்ட், எர்த், சென்சர் எல்லாம் சரி எண்டு மீட்டர் வைச்சுக் காட்டினாப் பிறகு. விலக்கு ஒண்டிருக்கு, 90களின்ர மிட்சுபிஷி. அதுகளின்ர ஈசியூவுக்குள்ள கப்பாசிட்டர் கசிஞ்சு போர்டைத் தின்னும், மூடியைத் திறந்தா மீன் மணம் மாதிரி ஒண்டு அடிக்கும். கெதியாப் பாத்தா கப்பாசிட்டர் மாத்தித் தப்பலாம்.

பஞ்சிகாவத்தையில சாமான் வாங்கேக்க என்ன கவனம்?

பழையதைக் கழட்டிக் கையோட கொண்டு போங்கோ, அதில இருக்கிற நம்பரைக் காட்டுங்கோ, "கொரோலா 110 சென்சர்" எண்டு வாயால கேட்டா ஆறு வகை வரும். இக்னைட்டர், கிராங்க் சென்சர் மாதிரிச் சாமானுக்கு டூப்ளிகேட் புதுசை விட ஜப்பான்ல இருந்து கழட்டி வந்த பழைய ஒரிஜினல்தான் என்ர அனுபவத்தில கூட நிண்டது, பெட்டி வடிவா இருக்கு எண்டு ஏமாறாதேங்கோ. சரிவராட்டித் திருப்பி எடுப்பியளோ எண்டு காசு குடுக்க முதல் கேளுங்கோ. சனிக்கிழமை மத்தியானம் போகாதேங்கோ, பார்க்கிங் கிடைக்காது, இன்ஜினை ஓஃப் பண்ணாமச் சுத்திக்கொண்டு திரியோணும், அதுவும் ஸ்டார்ட் வருத்தம் இருக்கிற காரில.